தெருவோரம் யாருக்கு உரியது? குடியிருப்போர் வாகன நிறுத்த அனுமதி மண்டலங்களின் வரலாறு: ஆர்லிங்டன் வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பொதுத்தெருவின் ஓரத்தில் வாகனம் நிறுத்தும் வாய்ப்பை அப்பகுதியில் குடியிருப்போருக்கு மட்டுமோ, அவர்களுக்கு முன்னுரிமையாகவோ ஒதுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாட்டு நகரங்களில் உருவாயிற்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் கவுண்டி இயற்றிய சட்டவிதியும், அதன்மீது 1977ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இம்முறையின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தன. அத்தீர்ப்புக்கு முன்னும் பின்னும் தெருவோரம் குறித்து எழுந்த கேள்விகள் எவ்வாறு மாறிவந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்ப்பு சட்டச் சிக்கலை முடித்துவைத்ததேயன்றி நீதி குறித்த சிக்கலை முடித்துவைக்கவில்லை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தெருவோரம், குடியிருப்போர் அனுமதி, சமப் பாதுகாப்பு, ஆர்லிங்டன், நகர வரலாறு

முன்னுரை

தெரு பொதுச்சொத்து. அதன் பராமரிப்புக்கு வரி செலுத்துவோர் பலர். அதைப் பயன்படுத்துவோர் அவர்களினும் பலர். ஒருவர் தம் வீட்டு வாயிலுக்கு முன்னுள்ள தெருவோரத்தைத் தமது எனக் கருதுவது உலகெங்கும் காணப்படும் இயல்பேயாயினும் சட்டம் அவ்வுணர்வை நெடுங்காலம் ஏற்கவில்லை. வீட்டின் எல்லை மதிலோடு முடிந்தது. மதிலுக்கு அப்பாலுள்ளது ஊருக்கு உரியதாயிற்று.

குடியிருப்போர் வாகன நிறுத்த அனுமதி மண்டலம் இந்த எல்லைக்கோட்டைச் சற்றே நகர்த்திய ஓர் ஏற்பாடு. குறித்த தெருக்களைக் கொண்ட ஒரு பகுதியை மண்டலமாக அறிவித்து, அங்கு வாழ்வோரின் வாகனங்களுக்கு அடையாள வில்லை வழங்கி, வில்லையில்லா வாகனங்கள் குறித்த நேரங்களில் அங்கு நிற்பதைத் தடுப்பதோ, நிற்கும் காலத்தை வரையறுப்பதோ இதன் அமைப்பாகும். நிலத்தை விற்காமலும் வாடகைக்கு விடாமலும் பொதுவிடத்தின் பயன்பாட்டை ஒரு சாராருக்கு உரித்தாக்குவதால் இது வெறும் போக்குவரத்து ஒழுங்காக மட்டும் அமையவில்லை. சமத்துவம், பொதுச்சொத்து, நகரக் குடிமை ஆகியன பற்றிய அடிப்படைக் கேள்விகளையும் எழுப்பியது.

நிற்கலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம்

ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் நெடுஞ்சாலை என்பது கடந்து செல்வதற்குரியது. வண்டி நிற்பது செலவின் இடையே நேரும் சிறு இடைவேளையாகவே கருதப்பட்டது. 1812ஆம் ஆண்டு இலண்டன் சேரிங் கிராஸ் பகுதியில் பயணியர் குதிரைவண்டிகள் தெருவில் நீண்டநேரம் நிறுத்தப்பட்டது தொடர்பான வழக்கில், அரசரின் நெடுஞ்சாலையைக் குதிரைலாயத்தின் முற்றம்போல் பயன்படுத்தலாகாது என்னும் கருத்துப்படத் தலைமை நீதிபதி எல்லன்பரோ தீர்ப்புரைத்தார். வண்டியை நிறுத்திவைக்க இடம் தேடுவது வண்டி உரிமையாளரின் பொறுப்பு. தெருவுக்கு அக்கடமை இல்லை என்பது அம்மரபின் சாரம்.

மோட்டார் வாகனம் பெருகியபோது இக்கொள்கை நடைமுறையில் தளர்ந்தது. தெருவோரம் வாகனங்கள் தங்குமிடமாயிற்று. அதனால் கேள்வியும் மாறியது. நிற்கலாமா என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதே நகரங்களின் கவலையாயிற்று. 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் ஓக்லஹோமா நகரில் உலகின் முதல் வாகன நிறுத்த மீட்டர் நிறுவப்பட்டது. அம்முயற்சிக்குத் தலைமை ஏற்ற கார்ல் மகீ நகர வணிகர்களின் குறையைத் தீர்க்கவே முனைந்தார். கடைத்தெருவில் பணிபுரிவோரின் வாகனங்களே நாள்முழுதும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வாடிக்கையாளர் நிறுத்த இடமின்றித் தவித்தனர். நாணயம் இட்டு நேரத்தை வாங்கும் முறை இடச்சுழற்சியை உண்டாக்கியது. பிரிட்டனில் 1958ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரின் மேஃபேர் பகுதியில் மீட்டர்கள் செயற்பாட்டுக்கு வந்தன.

மீட்டர் எவரையும் அடையாளம் காண்பதில்லை. நாணயம் இட்டவர் உள்ளூரினரா, வெளியூரினரா என்று அது வினவாது. இச்சமத்துவம் கடைத்தெருவுக்குப் பொருந்தியது. குடியிருப்புத் தெருவுக்குப் பொருந்தவில்லை. வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ வேலைக்குச் செல்பவர், தம் வாயிலில் நிற்கும் வாகனத்துக்காக மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த நேரும். வாகனத்தைக் குறைவாகப் பயன்படுத்துபவரையே அம்முறை தண்டித்தது.

இச்சூழலில் குடியிருப்புப் பகுதியைத் தனியே காக்கவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. காலின் புக்கானன் தலைமையில் உருவாகி 1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராஃபிக் இன் டவுன்ஸ்’ அறிக்கை, மக்கள் வாழும் பகுதிகளைத் தொடர்பற்ற ஊடுபோக்குவரத்திலிருந்து விலக்கிக் காக்கவேண்டும் என வலியுறுத்தியது. ஒரு தெரு எத்தனை வாகனங்களைக் கொள்ளும் என்பதை அதன் அகலம் மட்டுமன்றி அங்குள்ள வாழ்வின் தரமும் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிக்கருத்து.

தூய காற்றும் தெருவோரமும்

அமெரிக்காவில் இக்கருத்துக்குச் சட்டவலுவைத் தந்தது காற்றுமாசு. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள் நகரங்களின் காற்றுத் தரத்துக்கு அளவுகோல்களையும் காலக்கெடுவையும் விதித்தன. தொழிற்சாலைப் புகையைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாதென்பதால், தனியார் வாகனப் பயணத்தையே குறைக்கும் திட்டங்களைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973ஆம் ஆண்டு முதல் நகரங்களுக்கு வகுத்தது. பாஸ்டன் நகருக்கான திட்டத்தில் மையப்பகுதியின் வாகன நிறுத்த இடங்கள் மேலும் பெருகாமல் தடுக்கும் விதிகள் இடம்பெற்றன. அதனை எதிர்த்த வழக்கில் 1974ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தொழில்நுட்பத் தரவுகளை மறுஆய்வுக்கு அனுப்பியபோதிலும், அத்தகைய கட்டுப்பாடுகளை விதிக்கும் அதிகாரம் முகமைக்கு உண்டென ஏற்றது.

இத்திட்டங்களின் தருக்கம் எளியது. வாகனத்தில் புறப்படுவோர் சென்றுசேரும் இடத்தில் இலவசமாக நிறுத்த வாய்ப்பிருக்கும்வரை வாகனத்தைக் கைவிடமாட்டார். நிறுத்தம் அரிதானால் பலர் ஒரே வாகனத்தில் சேர்ந்து செல்வர். அல்லது பொதுப்போக்குவரத்தை நாடுவர். இத்தருக்கம் குடியிருப்போரின் வேண்டுகோளுக்குப் புதிய வலிமை தந்தது. ‘எங்கள் தெருவில் அயலார் வேண்டா’ என்ற குரலும், ‘நகரின் காற்று தூய்மையுற வேண்டும்’ என்ற குரலும் ஒரே விதியில் ஒன்றிணைந்தன. இவ்விணைப்பே பின்னர் வழக்கின் மையமாயிற்று.

அரோரா ஹைலண்ட்ஸ்: ஒரு குடியிருப்பின் நெருக்கடி

ஆர்லிங்டன் கவுண்டி, பொட்டோமாக் ஆற்றுக்கு அப்பால் வாஷிங்டன் நகரை எதிர்நோக்கி அமைந்தது. அதன் தென்கிழக்கிலுள்ள அரோரா ஹைலண்ட்ஸ் பழைய குடியிருப்பு மனைப்பிரிவுகள் ஒன்றுசேர்ந்து உருவானது. பெரும்பாலும் தனிவீடுகளைக் கொண்டது. 1960களில் அதனருகே கிரிஸ்டல் சிட்டி என்னும் அலுவலக வளாகம் எழுந்தது. கூட்டாட்சி அரசின் காப்புரிமை அலுவலகம் உள்ளிட்ட அலுவலகங்கள் அங்குக் குடிபுகுந்தன. அங்குப் பணிக்கு வந்தோரில் பலர் காலையில் அரோரா ஹைலண்ட்ஸ் தெருக்களில் வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்து சென்றனர். மாலையில் திரும்பி எடுத்துச் சென்றனர்.

இதனைத் தடுக்கக் கவுண்டி ஒரு சட்டவிதியை இயற்றியது. வெளிப்பகுதி வாகனங்களால் மிகுதியும் நெரிசலுற்ற குடியிருப்புப் பகுதிகளைக் கண்டறியும் பொறுப்பு கவுண்டி மேலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. நெரிசல் என்பதும் எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டது: தெருவிலுள்ள நிறுத்த இடங்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த வாகனங்கள் 25 விழுக்காட்டுக்கு மேற்பட வேண்டும். அறிவிக்கப்பட்ட பகுதியில் வாழ்வோருக்கும், அவர்களோடு தொழில்முறைத் தொடர்புடையோருக்கும், விருந்தினர் சிலருக்கும் கட்டணமின்றி அனுமதி வழங்கப்பட்டது. வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை அனுமதியின்றி நிறுத்துவது சிறுகுற்றமாயிற்று.

விதி தன் நோக்கங்களை விரிவாக எடுத்துரைத்தது. போக்குவரத்து இடர், காற்றுமாசு, இரைச்சல், குப்பை ஆகியவற்றைக் குறைத்தல். குடியிருப்போர் தம் வீடுகளை எளிதில் சென்றடையச் செய்தல். பகுதியின் குடியிருப்புத் தன்மையையும் சொத்துமதிப்பையும் பேணுதல். சிறுவர், பாதசாரிகள் ஆகியோரின் பாதுகாப்பை உறுதிசெய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். பொதுநலன் சார்ந்த நோக்கங்களும், குடியிருப்போரின் தன்னலம் சார்ந்த நோக்கங்களும் ஒரே பட்டியலில் அருகருகே இடம்பெற்றிருந்தமை கவனத்துக்குரியது.

வழக்கும் தீர்ப்பும்

அத்தெருக்களில் வழக்கமாக வாகனம் நிறுத்திவந்த அலுவலகப் பணியாளர்கள் விதியைச் செயற்படுத்தத் தடைகோரி வழக்குத் தொடுத்தனர். அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் உறுதியளிக்கும் சமப் பாதுகாப்பை விதி மறுக்கிறது என்பது அவர்களின் வாதம். 1868ஆம் ஆண்டு ஏற்பு பெற்ற அத்திருத்தம் விடுதலைபெற்ற அடிமைகளின் உரிமையைக் காக்கும் நோக்குடன் எழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துத் தெருவோரத்து வாகனங்களுக்காகவும் எடுத்தாளப்பட்டது.

வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் பணியாளர் பக்கம் நின்றது. விதி குடியிருப்போரையும் பிறரையும் வேறுபடுத்துகிறது. அவ்வேறுபாட்டுக்கும் விதி கூறும் நோக்கங்களுக்கும் ஏற்புடைய தொடர்பு இல்லை என்பது அதன் முடிவு. இம்முடிவின் பின்னுள்ள தருக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. உள்ளூர் வாகனமும் வெளியூர் வாகனமும் ஒரே புகையைத்தான் கக்குகின்றன. ஒரே இரைச்சலைத்தான் எழுப்புகின்றன. புகையைக் குறைப்பதே நோக்கமெனில் ஒருவரின் வாகனத்தைத் தடுத்து மற்றொருவரின் வாகனத்தை அனுமதிப்பது எங்ஙனம் பொருந்தும் என்ற ஐயம் இயல்பானதே.

கவுண்டி வாரியம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ‘ஆர்லிங்டன் கவுண்டி வாரியம் எதிர் ரிச்சர்ட்ஸ்’ எனப்படும் இவ்வழக்கில் 1977ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. நீதிபதி ஒருவரின் பெயரால் அன்றி நீதிமன்றத்தின் பொதுப்பெயரால் வெளியான மிகச் சுருக்கமான தீர்ப்பு அது. மாநில நீதிமன்றத்தின் முடிவை நீக்கி, வழக்கை மீண்டும் அங்கேயே அனுப்பியது.

தீர்ப்பின் வாதம் இரு படிகளைக் கொண்டது. முதலாவது, தெருவோர நிறுத்தத்தைக் குறைத்தால் பணிக்கு வருவோர் கூட்டுப்பயணத்தையும் பொதுப்போக்குவரத்தையும் நாடுவர். பகலில் வாகனத்தை வீட்டில் விட்டுச்செல்லும் குடியிருப்போருக்கு இடம் உறுதிசெய்வதும் அதே நோக்கத்துக்கு உதவும். இரண்டாவது, வெளிப்போக்குவரத்தைக் குறைத்து ஒரு பகுதியின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த ஒரு சமூகம் முடிவு செய்யலாம். அத்தகைய கட்டுப்பாட்டில் வெளியாரை வேறுபடுத்துவது இயல்பாகவே உள்ளடங்கியது. குடியிருப்போர், அல்லாதோர் என்னும் பாகுபாட்டை அரசியலமைப்பு தன்னளவிலேயே வெறுக்கத்தக்கதாகக் கருதவில்லை. அது நோக்கத்தோடு அறிவுக்கு ஒத்த தொடர்புடையதாக இருந்தாற் போதும் என்றது நீதிமன்றம்.

இங்கு முதற்படியே மாநில நீதிமன்றத்தின் ஐயத்துக்கு உண்மையான விடையாகும். நிற்கும் வாகனம் புகையைக் கக்குவதில்லை. வாகனத்தில் வந்து நிறுத்துபவரும், வாகனத்தை நிறுத்திவைத்துவிட்டு நடந்தோ தொடர்வண்டியிலோ செல்பவரும் தெருவில் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டாலும் போக்குவரத்துக்கு அவர்கள் செய்வது நேர்மாறானது. ஆதலின் அவ்விருவரையும் வேறுபடுத்துவதில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும் குடியிருப்பவர் தம் வாகனத்தைப் பகலில் வீட்டில் விட்டுச்செல்வார் என்பது ஓர் எதிர்பார்ப்பே. விதி அதனை நிபந்தனையாக்கவில்லை.

தீர்ப்பின் காலச்சூழலும் குறிப்பிடத்தக்கது. வாஷிங்டன் மெட்ரோவின் நீலத்தடம் கிரிஸ்டல் சிட்டி நிலையத்துடன் 1977ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்டது. தீர்ப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் அப்பணியாளர்களுக்குத் தொடர்வண்டி என்னும் மாற்றுவழி கிட்டியிருந்தது. மாற்றுவழி இல்லாத இடத்தில் இதே விதி வெறும் விலக்கலாகவே முடிந்திருக்கும்.

பரவலும் நடைமுறை வேறுபாடுகளும்

ஆர்லிங்டன் தனித்து நிற்கவில்லை. சான்பிரான்சிஸ்கோ 1976ஆம் ஆண்டு அனுமதி முறையை ஏற்படுத்தியது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் குடியிருப்போர் நிறுத்த விதியை அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் 1977ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இத்தகைய விதிகளின் மீதிருந்த அரசியலமைப்பு ஐயத்தை அகற்றியது.

நடைமுறையில் இரு வகைகள் தோன்றின. ஒன்று, ஆர்லிங்டனில் போல அனுமதியற்றோரைக் குறித்த நேரத்தில் அறவே விலக்குவது. மற்றொன்று, சான்பிரான்சிஸ்கோவில் போல அனைவருக்கும் சிலமணி நேர வரம்பு விதித்து, அனுமதி பெற்றோருக்கு மட்டும் அவ்வரம்பிலிருந்து விலக்களிப்பது. இரண்டாம் வகை கடைக்கு வருவோரையும் உறவினரையும் முற்றிலும் ஒதுக்குவதில்லை. எவ்வகையாயினும் அனுமதி என்பது தேடும் உரிமையே. குறித்த இடம் கிடைக்கும் என்னும் உறுதியன்று. வழங்கப்படும் வில்லைகள் தெருவிலுள்ள இடங்களைவிட மிகும்போது அவ்வுரிமையின் பயன் குன்றுகிறது.

மண்டலத்தின் எல்லை மற்றொரு சிக்கலைத் தோற்றுவித்தது. ஒரு தெருவில் தடுக்கப்பட்ட வாகனம் மறைந்துவிடுவதில்லை. அடுத்த தெருவுக்குச் செல்கிறது. அத்தெருவினரும் மண்டலம் வேண்டுகின்றனர். இவ்வாறு ஒரு மண்டலம் மற்றொன்றை ஈனும்.

ஜப்பான் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. 1962ஆம் ஆண்டின் சட்டம், வாகனம் வாங்குவோர் தெருவுக்கு வெளியே அதனை நிறுத்த இடமுண்டு என்பதை மெய்ப்பிக்கக் கட்டாயப்படுத்தியது. தெருவோரத்தை உள்ளூரார்க்கும் வெளியார்க்கும் இடையே பங்கிடுவதற்கு மாறாக, தெருவோரம் எவருக்கும் வாகனக் கொட்டில் ஆகாது என்ற பழைய கொள்கையையே அச்சட்டம் நிலைநாட்டியது. குடியிருப்போர் அனுமதி என்பது தவிர்க்கவியலாத விளைவன்று, தெரிவுகளுள் ஒன்றே என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

விலையும் கலந்தாய்வும்

பிரிட்டனில் வழக்குகள் வேறு திசையில் சென்றன. இலண்டன் கேம்டன் பெருநகரப் பகுதி மன்றம் பிரிம்ரோஸ் ஹில்லில் கட்டுப்பாட்டு மண்டலம் ஏற்படுத்தியதை எதிர்த்த வழக்கில், மக்களோடு முறையாகக் கலந்தாயவில்லை என்ற அடிப்படையில் 1995ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆணையை நீக்கியது. போக்குவரத்து ஒழுங்குச் சட்டம் வருவாய் ஈட்டும் கருவியன்று என்றும் அது கருதியது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் பார்னெட் மன்றத்துக்கு எதிரான வழக்கில் அதே கொள்கை உறுதிபெற்றது. அம்மன்றம் முதல் வாகனத்துக்கான ஆண்டு அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டின் விலையை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் உயர்த்தியிருந்தது. பிற போக்குவரத்துச் செலவுகளுக்கு உபரி ஈட்டும் நோக்குடன் கட்டணத்தை உயர்த்தியது சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பாயிற்று.

அமெரிக்காவில் இதற்கு எதிரான திசையில் ஒரு சிந்தனை வளர்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ நூலில், தெருவோரத்தை இலவசமாக வழங்குவதே நெரிசலின் வேர் எனக் காட்டினார். எஞ்சிய இடங்களை வெளியாருக்கு உரிய விலையில் வழங்கி, வருவாயை அதே பகுதியின் நடைபாதைக்கும் மரங்களுக்கும் செலவிடலாம் என்பது அவரது முன்மொழிவு. முதல் சிந்தனையில் தெருவோரம் வரிவிதிக்கலாகாத பொதுவிடம். இரண்டாவதில் விலையிட்டுப் பங்கிட வேண்டிய அரும்பொருள்.

யார் குடியிருப்போர்?

1977ஆம் ஆண்டு வழக்கில் எல்லைக்கோடு தெளிவாக இருந்தது: ஒரு பக்கம் வீட்டினர், மறுபக்கம் அலுவலகப் பணியாளர். பிற்காலத்தில் அக்கோடு குடியிருப்போரிடையேயே புகுந்தது. கவுண்டியின் சிறப்பு ஒப்புதலோடு எழுந்த பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்வோர், வளாகத்துக்குள் நிறுத்துமிடம் உண்டென்னும் காரணத்தால் அனுமதிக்குத் தகுதியற்றோராக வைக்கப்பட்டனர். அவர்கள் வெளியூரினர் அல்லர். அதே பகுதியில் வாழ்ந்து அதே தெருவில் நடப்பவர்கள். ஆயினும் தெருவோரத்தைப் பொறுத்தவரை அயலாராயினர். தம் வளாகத்துள் வாகனம் நிறுத்தும் வசதியுடைய தனிவீட்டினர் தெருவிலும் அனுமதி பெற்றபோது இவ்வேறுபாடு மேலும் உறுத்தலாயிற்று. 2017ஆம் ஆண்டு ஆர்லிங்டன் கவுண்டி புதிய மண்டலங்களை ஏற்படுத்துவதை நிறுத்திவைத்து, முழுத் திட்டத்தையும் மறுஆய்வுக்கு உட்படுத்தியது. 2021ஆம் ஆண்டு திருத்தங்கள் ஏற்கப்பட்டன. நாட்டுக்கு முன்மாதிரி தந்த கவுண்டியே நாற்பதாண்டுகளுக்குப் பின் தன் விதியை மீண்டும் எண்ணிப்பார்க்க நேர்ந்தது.

முடிவுரை

தெருவோரத்தின் வரலாறு கேள்விகள் மாறிவந்த வரலாறாகும். 1812இல் நிற்கலாமா என்றும், 1935இல் எவ்வளவு நேரம் என்றும், 1977இல் யார் என்றும், 2013இல் என்ன விலைக்கு என்றும் வினவப்பட்டது. ஒவ்வொரு கேள்வியும் முந்தையதற்குக் கிடைத்த விடையின் விளைவாகவே எழுந்தது.

ஆர்லிங்டன் தீர்ப்பு அனுமதி மண்டலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று மட்டுமே கூறியது. அது நீதியானது என்றோ, விரும்பத்தக்கது என்றோ கூறவில்லை. அம்மதிப்பீட்டை உள்ளாட்சியின் பொறுப்பில் விட்டது. பின்வந்தோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே குழப்பத்துக்குக் காரணம். வெளியாருக்கு மாற்றுவழி உண்டா, குடியிருப்போர் என்பதன் வரையறை அருகில் வாழும் அனைவரையும் தழுவுகிறதா, எல்லைக்கு அப்பாலுள்ள தெருவின் சுமை கணக்கிடப்பட்டதா, முடிவு கலந்தாய்ந்து எடுக்கப்பட்டதா ஆகிய நான்கு வினாக்களுக்கும் ஏற்ற விடை கிடைக்கும் இடத்தில் அனுமதி மண்டலம் பொதுநலக் கருவியாகிறது. விடை கிடைக்காத இடத்தில் அது பொதுத்தெருவின்மீது ஒரு சாரார் எழுப்பிய, கண்ணுக்குப் புலனாகாத மதிலாகவே எஞ்சுகிறது.